பெயர் எந்தக் கல்லில் இருக்கிறது? பர்மா போரில் மறைந்தவர்களைத் தேடும் ராமநாதபுரம் கடற்கரைக் குடும்பங்களின் கேள்விகள்

எங்கள் தாத்தாவின் அண்ணன் பர்மா யுத்தத்தில் காணாமல் போனவர். நாங்கள் அவரைப் பெரிய ஐயா என்போம், நேரில் பார்த்தவர்கள் இப்போது வீட்டில் யாரும் இல்லை. அவர் பெயரை ரங்கூனுக்கு வடக்கே ஒரு கல் தூணில் கண்டுபிடித்த செய்தி ஊருக்குள் பரவியதிலிருந்து உச்சிப்புளி, பெரியபட்டினம், தொண்டி என்று பல பக்கங்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். சிலர் மஞ்சள் பையில் பழைய காகிதம் கொண்டுவருவார்கள், சிலர் ஒரு மெடல். பலரிடம் "எங்கள் ஐயாவும் பட்டாளத்தில்தான் இருந்தார்" என்ற ஒரு வரி மட்டும்தான் இருக்கும். நான் தபால் துறையில் வேலை பார்ப்பவன், வரலாற்று ஆசிரியன் அல்லன். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்தேன்.

எங்கள் கடற்கரைக்கும் பர்மா போருக்கும் என்ன தொடர்பு?

வயிறுதான் தொடர்பு. வானம் பார்த்த பூமி, கண்மாய் வறண்டால் கப்பல்தான். ரங்கூன், பினாங்கு, கொழும்பு என்று பிழைக்கப் போன பழக்கம் இந்தக் கரைக்குப் பழையது. போர் வந்ததும் ஆள் சேர்ப்பவர்கள் வந்தார்கள். மாதச் சம்பளமும் சாப்பாடும் உறுதி என்றார்கள். இரண்டாம் உலகப் போரின் முடிவில் இந்தியப் படையில் ஏறத்தாழ 25 லட்சம் பேர் இருந்தார்கள். கட்டாயமில்லாமல் சேர்ந்தவர்களால் ஆன படைகளில் அதுவே உலகில் மிகப் பெரியது. அவர்களில் சுமார் 87,000 பேர் திரும்பவில்லை.

தமிழர் என்றால் எல்லோரும் துப்பாக்கி பிடித்தார்கள் என்று நினைக்க வேண்டாம். 1920களில் கலைக்கப்பட்ட மெட்ராஸ் ரெஜிமெண்ட் இந்தப் போரின்போதுதான் மறுபடி எழுப்பப்பட்டது. பாலம் கட்டிய மெட்ராஸ் சாப்பர்ஸ், லாரி ஓட்டிய ஆர்மி சர்வீஸ் கோர், ரோடு போட்ட பயனியர் கோர், மருத்துவமனைப் பணியாளர்கள் என்று பல பிரிவுகளில் நம் ஆட்கள் இருந்தார்கள். எங்கள் பெரிய ஐயா பயனியர். மண்வெட்டியோடு போனவர்தான். ஆனால் சப்பான்காரன் போட்ட குண்டு மண்வெட்டிக்காரனை விலக்கிவிட்டு விழவில்லை.

அவருடைய கல்லறை எங்கே இருக்கிறது?

வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது இதுதான். பெரும்பாலான வீடுகளுக்குப் பதில், கல்லறை இல்லை என்பதே. இதைச் சொன்னதும் முகம் விழுந்துவிடுகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இறந்த இந்து, சீக்கிய வீரர்களை முடிந்த இடத்தில் தகனம் செய்தார்கள். எரித்தவருக்கு ஏது புதைகுழி? காட்டில், ஆற்றில், பின்வாங்கும் வழியில் விழுந்தவர்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. ஆகவே அவர்களுக்கு இருப்பது பெயர் மட்டும். அந்தப் பெயர் வெட்டப்பட்ட இடம்தான் நமக்குக் கல்லறை.

பர்மாவில் அந்த இடம், இன்று யாங்கூன் எனப்படும் ரங்கூனிலிருந்து வடக்கே சுமார் 35 கிலோமீட்டரில், தௌக்கியான் என்ற ஊரில் இருக்கிறது. அங்கே இரண்டு மூன்று நினைவிடங்கள் ஒரே வளாகத்தில் இருப்பதால் குழப்பம் வருகிறது. தௌக்கியான் போர்க் கல்லறைத் தோட்டத்தில் இரண்டாம் உலகப் போரின் 6,374 கல்லறைகள் உள்ளன. அவற்றில் 867 பேர் யாரென்றே தெரியாதவர்கள். தோட்டத்தின் நடுவே, வட்டமான ஒரு மண்டபமும் அதன் இரு பக்கமும் நீளும் தூண் வரிசைகளுமாக நிற்பது ரங்கூன் நினைவுச் சின்னம். உடல் கிடைக்காத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் அந்தத் தூண்களில் உள்ளன. பெரும்பகுதி இந்தியப் படையினர். இன்னொரு பக்கம், தகனம் செய்யப்பட்டவர் இன்னார் என்று பதிவு உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தனியாகத் தகன நினைவகம்.

மண்டபத்தின் மேல்விளிம்பில், "சுதந்திர மனிதர் அனைவருக்காகவும் இவர்கள் உயிர் கொடுத்தார்கள்" என்ற பொருளில் ஒரு வாசகம் பல மொழிகளில் இருக்கிறது. ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, குர்முகி. தமிழ் இல்லை. இறந்தவர்கள் சுதந்திர மனிதர்களாக இருந்தார்களா என்பதையும் அந்த வாசகம் கேட்டுக்கொள்ளவில்லை.

இறந்தது பர்மாவில்தானா என்று தெரியாது. வேறு எங்கே இருக்கலாம்?

மலாயா, சிங்கப்பூரில் மறைந்திருந்தால் சிங்கப்பூரின் கிராஞ்சி. அங்குள்ள நினைவுச் சுவர்களில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள். 1944இல் நாகாலாந்துப் பக்கம் விழுந்தவர் என்றால் கோஹிமா; அங்கே இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேருக்குத் தகன நினைவகம் இருக்கிறது. மணிப்பூர் என்றால் இம்பால், அங்கும் அதே ஏற்பாடு. போர்முனைக்குப் போகாமல் முகாமில் காய்ச்சலில் இறந்தவர்களும் உண்டு, அவர்கள் பெயர் டெல்லி, கராச்சி இரண்டுக்கும் பொதுவான ஒரு பதிவில் சேர்ந்திருக்கும். 25,000 பேருக்கு மேல் உள்ள பதிவு அது.

கீழக்கரை, தங்கச்சிமடம் பக்கத்துக் குடும்பங்களுக்கும் இதுதானா?

கொஞ்சம் வேறு. முஸ்லிம், கிறிஸ்தவ வீரர்களை அடக்கம் செய்தார்கள். ஆகவே இடம் தெரிந்திருந்தால் தனிக் கல்லறையே இருக்க வாய்ப்புண்டு. இத்தகைய தோட்டங்களில் முஸ்லிம்களுக்குத் தனிப் பகுதி ஒதுக்கியிருப்பார்கள். இருந்தாலும் உடல் கிடைக்காத முஸ்லிம் வீரர்களும் ஏராளம், அவர்கள் பெயரும் தூணில்தான்.

பெயரைத் தேடுவது எப்படி? யாரிடமாவது பணம் கொடுக்க வேண்டுமா?

ஒரு காசும் கொடுக்காதீர்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் என்ற அமைப்பு 1917இல் தொடங்கப்பட்டது. இரண்டு உலகப் போர்களிலும் மறைந்த சுமார் 17 லட்சம் பேரின் பதிவு அதனிடம் இருக்கிறது. அதன் இணையதளத்தில் எவரும் இலவசமாகத் தேடலாம். பணம் கேட்கும் தரகரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சிக்கல் எல்லாம் எழுத்தில்தான். நம் பெயரைக் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதியவர் வெள்ளைக்கார அதிகாரியோ வடநாட்டு எழுத்தரோ. ழகரம் அவர் நாக்குக்கும் பேனாவுக்கும் வராது. பழனி என்றால் ஒரு எல் எழுத்து, இரண்டு எல், இசட்-எச் என்று மூன்று வகையிலும் போட்டுப் பார்க்க வேண்டும். காதர் என்ற பெயர் கே எழுத்திலும் தொடங்கும், சி எழுத்திலும் தொடங்கும். சூசை எஸ்ஸிலும் வரும், சி-எச்சிலும் வரும். முத்துவில் எச் இருக்கலாம், இல்லாமல் போகலாம். "கருப்பன்" என்பதில் கடைசி எழுத்து விழுந்துவிடும். முழுப்பெயரைப் போட்டுக் கிடைக்கவில்லை என்று எழுந்து போகாதீர்கள். முதல் நான்கு எழுத்தை மட்டும் போட்டு, படை என்ற இடத்தில் இந்தியப் படை என்று தேர்ந்து, வரும் பட்டியலைக் கண்ணால் வாசியுங்கள். ஒரு மாலைப் பொழுது போகும். எனக்கு நான்கு மாலைகள் போயின.

இன்னொன்று. நாம் பெயருக்கு முன்னால் தந்தையின் முதலெழுத்தைப் போடுவோம். அந்தப் பதிவில் அது இருக்காது. மாறாக, கடைசியில் ஒரு குறிப்பு இருக்கலாம்: இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்ன ஊர். அந்த ஒரு வரிதான் நூறு முத்துக்களுக்கு நடுவே உங்கள் வீட்டு முத்துவைக் காட்டிக்கொடுப்பது. எல்லாருக்கும் அந்த வரி இராது. இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

பட்டாள எண் கைவசம் இருந்தால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம். எண்ணைப் போட்டால் ஆள் வந்துவிடுவார். எனவே முதல் வேலை இணையத்தில் இல்லை, பரண் மேல் இருக்கும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. மணியார்டர் ரசீது, பென்ஷன் புத்தகம், பழைய உறை, எதுவானாலும் வெளியே எடுத்து வெயில் படாத இடத்தில் விரித்துப் பாருங்கள்.

பதிவில் 'ராம்நாட்' என்று இருக்கிறது. ஆனால் அந்த ஊர் நம் மாவட்டத்தில் இல்லையே?

அந்தக் காலத்து ராமநாதபுரம் மாவட்டம் பெரியது. 1910இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பிரித்து உருவாக்கியது. 1985இல்தான் சிவகங்கையும் விருதுநகரும் தனியாகப் போயின. ராம்நாட் என்று போட்டிருந்தால் ஆள் காரைக்குடிக்காரராக இருக்கலாம், சிவகாசிக்காரராகவும் இருக்கலாம். ஊர்ப் பெயரை உரக்க வாசித்துப் பாருங்கள், கண்ணுக்குப் புரியாத ஊர் காதுக்குப் புரியும்.

வீட்டில் ஒரு வட்டமான வெண்கலத் தட்டு இருக்கிறது. ஒரு பெண் உருவமும் சிங்கமும் உள்ளன. பழைய இரும்புக்காரர் எடைக்குக் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். அது முதல் உலகப் போரில் இறந்தவரின் குடும்பத்துக்குக் கொடுத்த நினைவுத் தட்டு. விட்டம் சுமார் 12 சென்டிமீட்டர். அதில் இறந்தவரின் பெயர் மேலெழும்பி வார்க்கப்பட்டிருக்கும். பதவி இருக்காது, சிப்பாய்க்கும் கர்னலுக்கும் ஒரே தட்டு என்பதற்காக. முதல் போர் மெடல்களின் விளிம்பிலும் எண், பெயர், படைப்பிரிவு பொறித்திருப்பார்கள். பூதக்கண்ணாடி வைத்து விளிம்பைப் பாருங்கள். புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். எழுத்து தேய்ந்துபோகும்.

முதல் போரில் போனவர்களின் பெயரும் கல்லில் உண்டா?

உண்டு, இல்லை, இரண்டும் சரி. பிரான்சில் நவ்-ஷாப்பேல் என்ற இடத்தில் இந்தியர்களுக்கென்றே 1927இல் திறந்த நினைவகத்தில் 4,700க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. ஆனால் மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், கதை வேறு. பாஸ்ரா நினைவகம் 40,000க்கும் மேற்பட்டோருக்கானது. அதில் வெள்ளையரின் பெயர்களும் இந்திய அதிகாரிகளின் பெயர்களும் வெட்டப்பட்டன. சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவின் பெயரும், அதில் இத்தனை பேர் என்ற எண்ணிக்கையும் மட்டும்.

மரணத்தில் எல்லோரும் சமம், பதவி பார்க்காமல் ஒரே அளவுக் கல் என்பதுதான் ஆணையத்தின் கொள்கை. ஐரோப்பாவில் அதைக் கடைப்பிடித்தார்கள். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் தவறினார்கள். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. ஆணையமே 2021 ஏப்ரலில் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டதாகவும், குறைந்தது 1,16,000 பேர், அதிகபட்சம் மூன்றரை லட்சம் பேர் வரை, பெயரின்றியோ அறவே நினைவுகூரப்படாமலோ விடப்பட்டதாகவும் அந்த அறிக்கை சொன்னது. கடைசியாகச் சொன்னவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர், எகிப்தியர்.

தமிழ்நாட்டுக் கிராமங்கள் சிலவற்றில் "இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் பெரும் போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள்" என்ற பொருளில் சிறிய சலவைக்கல் பலகை ஒன்று சுவரில் பதித்திருக்கும். அதிலும் எண்தான், பெயர் கிடையாது. சாவடிச் சுவரிலோ பழைய பள்ளிக்கூடச் சுவரிலோ சுண்ணாம்புக்கு அடியில் உங்கள் ஊரிலும் ஒன்று இருக்கலாம். வெள்ளையடிப்பதற்கு முன் ஒருமுறை தட்டிப் பாருங்கள்.

கப்பலில் வேலை செய்து, கப்பலோடு மூழ்கியவர்கள்?

ராயல் இந்தியக் கடற்படையிலும் வணிகக் கப்பல்களிலும் இருந்து, இரண்டாம் போரில் கடலில் மறைந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் இரண்டு நினைவுப் புத்தகங்களில் உள்ளன. ஒன்று மும்பையில், மற்றொன்று வங்கதேசத்தின் சிட்டகாங்கில். இணையப் பதிவிலும் வரும். கடல் கடந்து சம்பாதிக்கப் போகிற சபுராளிகளின் கரை இது, தேடிப் பாருங்கள்.

எங்கள் தாத்தா முதலில் வெள்ளைக்காரன் பட்டாளம், பிறகு நேதாஜி படை. அவர் பெயர் எங்கே?

ஆணையத்தின் தூண்களில் தேட வேண்டாம். இந்திய தேசிய ராணுவத்தினர் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்களுக்கென்று சிங்கப்பூர்க் கடற்கரையில் 1945 ஜூலை 8 அன்று சுபாஷ் சந்திர போஸ் ஒரு நினைவுச் சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார். செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் அதை இடித்துத் தள்ளினார்கள். 1995இல் சிங்கப்பூர் அரசு அதே இடத்தில் ஒரு குறிப்புக்கல் வைத்தது. மணிப்பூரின் மொய்ராங்கில் அருங்காட்சியகமும் அந்தச் சின்னத்தின் மாதிரியும் இருக்கின்றன. மலாயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் அந்தப் படையில் ஏராளம், ஜான்சி ராணிப் படையில் பெண்கள் உட்பட.

ஒரே வீட்டில் அண்ணன் இந்தப் பக்கமும் தம்பி அந்தப் பக்கமுமாக நின்ற குடும்பம் இந்தக் கரையிலேயே எனக்குத் தெரியும். மாடத்தில் இரண்டு படங்களுக்கும் ஒரே விளக்கு.

பர்மாவிலிருந்து நடந்து வந்தபோது செத்தவர்கள், சயாம் ரயில் பாதையில் செத்தவர்கள்?

அவர்கள் சீருடை போடாதவர்கள். எனவே போர்க் கல்லறைகளில் இடமில்லை. 1942இல் ரங்கூன் விழுந்ததும் காட்டு வழியே நடந்து வந்தவர்களில் எத்தனை பேர் வழியிலேயே கிடந்தார்கள் என்பதற்குச் சரியான கணக்கு எவரிடமும் கிடையாது. தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்கச் சப்பான்காரன் போட்ட சயாம் மரண ரயில் பாதை 415 கிலோமீட்டர். அதைப் போட மலாயாவிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில் மடிந்தார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகள் ஏறத்தாழ ஏழாயிரம் வரிசையாக இருக்கின்றன. நம்மவர்களுக்கு அங்கே ஒரு கல்லும் இல்லை. அண்மையில்தான் அங்குள்ள புத்த ஆலயம் ஒன்றில் தமிழர்கள் சேர்ந்து நடுகல் எழுப்பினார்கள்.

வெள்ளைக்காரனுக்காகச் செத்தவரை எதற்கு இப்போது நினைக்க வேண்டும்?

டீக்கடையில் என்னிடம் நேருக்கு நேர் கேட்கப்பட்டது. கேட்டவர் இளைஞர், நல்ல பிள்ளை. அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்.

பெரிய ஐயா யாருக்காகப் போனார் என்று அவர் மனைவி பெரிய அப்பத்தாவுக்குத் தெரியும். இரண்டு வருஷம் தொடர்ந்து பொய்த்த மழைக்காகப் போனார். கல்யாணமாகி ஏழாவது மாதம் பட்டாளத்தில் சேர்ந்தார். 1944இல் தந்தி வந்தது, "காணவில்லை" என்று. இறந்தார் என்று இல்லை. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அப்பத்தா தாலியைக் கழற்ற மறுத்துவிட்டார். பிறகு இறந்ததாகக் கருதப்படுகிறார் என்று காகிதம் வந்தது, பென்ஷனும் வந்தது. "கருதுகிறவன் கருதிக்கொள்ளட்டும்" என்று பென்ஷனை வாங்கிக்கொண்டார், தாலியை வைத்துக்கொண்டார். 1991இல் சுமங்கலியாகவே போய்ச் சேர்ந்தார். ஊரில் சிலர் ஏசினார்கள், சிலர் கும்பிட்டார்கள். சாம்ராஜ்யம் அந்த வீட்டுக்குள் எந்த இடத்தில் வருகிறது?

நேரடியான பதில் வேண்டுமானால் அதுவும் உண்டு. படைக்குப் போய் விழுந்தவனுக்குக் கல் நடுவது நாம் யாரிடமும் கற்றுக்கொண்டதில்லை. கல்லைத் தேர்ந்து, கொண்டுவந்து, நீராட்டி, நட்டு, படைத்து, வாழ்த்துவதைத் தொல்காப்பியமே படிப்படியாகச் சொல்லியிருக்கிறது. அரசன் நல்லவனா என்று பார்த்துவிட்டு எவரும் நடுகல் நட்டதாகத் தெரியவில்லை.

உடலையோ சாம்பலையோ ஊருக்குக் கொண்டுவர முடியுமா?

முடியாது. விழுந்த நாட்டிலேயே இருக்கட்டும் என்று முதல் போரின்போதே முடிவு செய்துவிட்டார்கள். பணக்காரன் மகன் மட்டும் ஊர் திரும்பக் கூடாது என்பது காரணம். பிரபு வீட்டுப் பிள்ளைக்கும் அதே விதி.

சுதந்திர இந்தியாவிலும் நெடுங்காலம் முனைக்கு அருகிலேயே தகனம் செய்துவந்தார்கள். 1999 கார்கில் போரிலிருந்துதான் உடலை வீட்டுக்குக் கொண்டுவருவது வழக்கமாயிற்று. 2020 ஜூன் 15 அன்று கல்வான் பள்ளத்தாக்கில் வீரமரணம் அடைந்த ஹவில்தார் பழனியின் உடல், நம் மாவட்டத்தில் திருவாடானைப் பக்கத்துக் கடுக்கலூருக்கே வந்தது. சொந்த மண்ணில் அரசு மரியாதையோடு அடக்கம் ஆயிற்று. பின்னர் வீர் சக்ரா விருது வழங்கப்பட்டது. 1947க்குப் பிறகு மறைந்தவர்களின் பெயர்கள் டெல்லியில் 2019இல் திறந்த தேசிய போர் நினைவிடத்தில் உள்ளன. பெரிய ஐயா அங்கேயும் இல்லை, தேதி ஒத்துவராது. ஆணையத்தின் கணக்கும் 1947 டிசம்பர் 31 வரைதான்.

நேரில் போய்ப் பார்க்கலாமா?

கிராஞ்சிக்குப் போவது எளிது, சிங்கப்பூர் ரயிலே அருகில் நிற்கிறது. அங்கே உறவினர் வேலை பார்க்காத வீடு நம் பக்கம் குறைவு, ஒருவரை அனுப்பிப் படம் எடுத்துவரச் சொல்லலாம். மியான்மருக்கு 2021 ராணுவ ஆட்சிக்குப் பிறகு நிலைமை சரியில்லை. வெளியுறவு அமைச்சகத்தின் எச்சரிக்கையைப் பார்க்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள். எங்களுக்குத் தூணின் படம்தான் வந்தது.

போகிறவர் யாராக இருந்தாலும், பதிவில் உள்ள "முகம்" எண்ணைக் கையில் எழுதிக் கொடுங்கள். தூணின் எந்தப் பக்கத்தில் பெயர் இருக்கிறது என்பதை அந்த எண் காட்டும். படைப்பிரிவு வாரியாகத்தான் பெயர்கள் அடுக்கப்பட்டிருக்கும். எண் இல்லாமல் 27,000 பெயர்களுக்கு நடுவே நின்றால் வெயிலில் மயக்கம்தான் வரும்.

அவ்வளவு தூரம் முடியாது என்பவர்கள் சென்னை நந்தம்பாக்கம் போகலாம். சேது எக்ஸ்பிரஸில் ஏறித் தாம்பரத்தில் இறங்கினால் காலையிலேயே போய்விடலாம். தெற்கிலும் கிழக்கிலும் பராமரிக்க ஆளின்றிச் சிதறிக் கிடந்த கல்லறைகளை 1952இல் ஒன்றுசேர்த்து அமைத்த தோட்டம் அது. 850க்கும் மேற்பட்ட கல்லறைகள். நம் ஆள் அங்கே இல்லையென்றாலும் போய் வாருங்கள். அப்பாவை அழைத்துப் போனேன். வெட்டிவிட்ட புல், வரிசை பிசகாத கற்கள், வாசலில் பதிவேடு. ஒரு கல்லின் முன் குனிந்து வயதை வாசித்துவிட்டு, "இருபதுகூட ஆகவில்லை" என்றார். அது யாரோ ஒரு வெள்ளைக்காரப் பையன். திரும்பி ஸ்டேஷன் வரும்வரை அவர் வேறு எதுவும் பேசவில்லை.

அங்கே போய் என்ன செய்யலாம், என்ன கூடாது?

பூ வைக்கலாம். அமைதியாக நிற்கலாம். கல்லில் சந்தனம், குங்குமம், எண்ணெய் தடவ வேண்டாம், கறை போகாது. கற்பூரமும் வேண்டாம். வெளிநாட்டார் நவம்பர் 11 அன்று சிவப்பு பாப்பிப் பூவைக் குத்திக்கொள்கிறார்கள். இந்திய வீரர்களுக்குச் செண்டுப்பூவை அடையாளமாக வைத்திருக்கிறார்கள். நம் பூக்கடையில் எந்நாளும் கிடைப்பது அது.

திதி தெரியாது. ராமேஸ்வரத்தில் எந்த நாளில் கொடுப்பது?

நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசை. ஆடி, தை, மகாளய அமாவாசை மூன்றில் எதுவானாலும் அக்னி தீர்த்தத்திலோ தேவிபட்டினத்திலோ சேதுக்கரையிலோ செய்யலாம். ஆயுதத்தால் மாண்டவர்களுக்கென்று மகாளய பட்சத்தின் சதுர்த்தசியைத் தனியாகச் சொல்லும் சாஸ்திரமும் உண்டு. இது பலருக்குத் தெரிவதில்லை, உங்கள் புரோகிதரைக் கேளுங்கள். பதிவில் இறந்த தேதி கிடைத்துவிட்டால் பழைய பஞ்சாங்கத்தை வைத்துத் திதியைக் கணித்துவிடலாம். ஆனால் "காணவில்லை" என்று வந்தவர்களுக்கு அந்தத் தேதியே ஓர் அதிகாரி ஊகித்ததாக இருக்கக்கூடும். நாங்கள் பழையபடி ஆடி அமாவாசையிலேயே வைத்துக்கொண்டோம்.

இறந்தவருக்காகக் குர்ஆனின் யாசீன் அத்தியாயம் ஓதுகிற வீடுகளுக்கு நாள் ஒரு தடையில்லை. கிறிஸ்தவர்களுக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாள் இருக்கிறது. ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அவருக்கும் சேர்த்து ஒரு மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள்.

பென்ஷன், உதவித்தொகை ஏதாவது கிடைக்குமா?

மனைவி உயிரோடு இருந்தால் ராமநாதபுரம் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். பேரன் பேத்திகளுக்கு ஒன்றும் கிடையாது.

கல்லில் பெயர் பிழையாக இருக்கிறது. திருத்துவார்களா?

ஆதாரம் கொடுத்தால் பரிசீலிப்பார்கள். விடுபட்ட பெயரைச் சேர்க்கவும் விண்ணப்பிக்கலாம். அக்காலத்துக் காகிதம் வேண்டும். வீட்டு வாய்மொழி போதாது.

எங்கள் பெரிய ஐயாவின் பெயரிலும் தூணில் ஓர் எழுத்து கூடுதலாக இருக்கிறது. படிவத்தை நிரப்பி, பென்ஷன் புத்தகத்தின் நகலை இணைத்து, அப்பாவிடம் கையெழுத்துக்குக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பெயர்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "வீட்டில் யாரும் அவரை இந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லையடா" என்றார். அப்பத்தா கூப்பிட்ட பெயர் வேறு. அதை அப்பா எனக்குச் சொன்னார். எந்தக் காகிதத்திலும் அது கிடையாது. படிவம் இன்னும் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது.